தன் பாட்டை மறந்த ஆசிரியர்

(பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐந்து நாள் பயிற்சியின் கடைசி அமர்வு இது. அதுவும் மதிய உணவுக்குப் பிறகு. இந்த நேரத்தை எனக்கு ஒதுக்கியவருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. 'கற்பித்தலில் செவிமடுத்தல்' என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள். செவிமடுத்தலைப் பற்றி நான் பேசிக்கொண்டே இருப்பேன், நீங்கள் செவிமடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. அதனால் கொள்கை எதுவும் பேசப் போவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. நடந்தது அமெரிக்காவில். இதில் வருபவர்கள் பாட்டுக்காரர்கள்.

நான் இசை ஆசிரியர் இல்லை; கணக்கு ஆசிரியர். இரவில் விடைத்தாள் திருத்தும்போது தூக்கம் வராமல் இருக்க ஏதாவது பாட்டைப் போட்டுக்கொள்வது வழக்கம். அப்படித்தான் 'ப்ளூஸ்' என்னும் இசை எனக்கு அறிமுகமானது. முதலில் வரி புரியவில்லை. ஆனால் மேடையில் நேரடியாகப் பாடிய பதிவுகளில் ஒன்றைக் கவனித்தேன். அந்தக் குழுவில் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் அவரையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருக்கவில்லை. உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் திருத்திய தாள்களில் மதிப்பெண் கூட்டலில் இரண்டு தவறு. மறுநாள் தலைமையாசிரியர் சுட்டிக்காட்டினார். அன்றிலிருந்து தாள் திருத்துவது தனி, பாட்டுக் கேட்பது தனி என்று ஆக்கிக்கொண்டேன்.

இந்த இசை பிறந்த இடம் மிசிசிப்பி மாநிலத்தின் 'டெல்டா' என்னும் வட்டாரம். பருத்தி விளையும் வண்டல் நிலம். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அதே முதலாளிகளின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விளைச்சலில் பாதி முதலாளிக்கு. விதைக்கும் உணவுக்கும் வாங்கிய கடன் மீதிப் பாதியை விழுங்கும். பருத்தி எடுக்கும் பருவத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி நடக்காது; அவர்களும் வயலில்தான் இருப்பார்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பாட்டுகளைக் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை இரவுதான் அவர்களுடைய நேரம். வயலோரத்தில் ஒரு மரக்குடில். உள்ளே எண்ணெய் விளக்கு, வறுத்த மீன், சாராயம், ஒரு கிட்டார் அல்லது இரண்டு. விடியும்வரை ஆட்டம். கிட்டார் வாசிப்பவர் இடது கை விரலில் ஒரு கண்ணாடிப் புட்டியின் கழுத்தையோ உலோகக் குழாயையோ மாட்டிக்கொண்டு தந்தியின்மேல் வழுக்கி இழுப்பார். கிட்டார் அழுவதுபோல ஒலிக்கும்.

இந்தப் பாட்டின் கட்டமைப்பைக் கணக்கு ஆசிரியர் என்ற உரிமையில் கொஞ்சம் விளக்குகிறேன். பெரும்பாலும் ஒரு பத்திக்கு மூன்று வரி. முதல் வரியைப் பாடுவார். அதையே திரும்பவும் பாடுவார். மூன்றாவது வரி அதற்கு விடை. ஒவ்வொரு வரிக்கும் நான்கு தாளச் சுற்று. ஆக மொத்தம் 12. ஆனால் ஒரு வரியின் நான்கு சுற்றையும் குரல் நிரப்பிவிடாது. ஏறத்தாழ பாதியிலேயே வரி முடிந்துவிடும். மீதிப் பாதியில் கிட்டார் பதில் சொல்லும். மனிதர் கேட்பார், தந்தி பதில் பேசும்.

ஒரே வரியை ஏன் இரண்டு முறை பாட வேண்டும்? பாடுகிறவருக்கு மூன்றாவது வரியை யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. கேட்கிறவருக்கும் 'அடுத்து என்ன சொல்லப் போகிறார்' என்று யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. கேள்வி கேட்ட மறுநொடியே நாமே விடையைச் சொல்லிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இந்தக் கட்டமைப்பில் இடமே இல்லை. பதிலுக்கான இடம் பாட்டுக்குள்ளேயே காலியாக விடப்பட்டிருக்கிறது.

இந்த டெல்டா வட்டாரத்தில் சன் ஹவுஸ் என்று ஒருவர் இருந்தார். முதலில் தேவாலயப் போதகர். பிறகு கிட்டாரைக் கையில் எடுத்தார். பிரசங்க மேடையில் எந்த வேகத்தோடு பேசினாரோ அதே வேகத்தோடு பாடினார். 1930இல் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போய்ச் சில இசைத்தட்டுகள் பதிந்தார். அவை விற்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவுகளில் அவரும் அவருடைய நண்பர் வில்லி பிரவுனும் வாசித்தால் கூட்டம் கூடும்.

அந்தக் கூட்டத்தில் ராபர்ட் ஜான்சன் என்று ஒரு பையன் வந்து உட்காருவான். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. மவுத் ஆர்கன் சுமாராக வாசிப்பான். பெரியவர்கள் ஓய்வெடுக்க வெளியே போனால் கிட்டாரை எடுத்து மீட்டத் தொடங்கிவிடுவான். நாராசமாக இருக்கும். ஜனங்கள் வெளியே ஓடிவந்து அவன் கையிலிருந்து அதை வாங்குங்கள் என்று முறையிடுவார்களாம். சன் ஹவுஸ் அவனைக் கண்டித்தார். பிறகு பையன் ஊரிலிருந்து காணாமல் போனான். சில காலம் கழித்துத் திரும்பி வந்து, ஒரு முறை வாசிக்க இடம் கேட்டான். வாசித்தபோது பெரியவர்கள் இருவரும் வாய் பிளந்து நின்றார்கள். இதைப் பிற்காலத்தில் சன் ஹவுஸே சொல்லியிருக்கிறார்.

எப்படி இந்த மாற்றம்? ஊர் ஒரு கதை கட்டியது. நள்ளிரவில் நாற்சந்தியில் சாத்தானைச் சந்தித்துத் தன் ஆன்மாவை விற்று இந்த வித்தையை வாங்கிவந்தான் என்றது. இன்றைக்கும் ராபர்ட் ஜான்சன் என்றால் உலகம் முழுவதும் சொல்லப்படும் கதை இதுதான்.

நடந்தது வேறு. அவர் தெற்கே ஹேசில்ஹர்ஸ்ட் என்னும் ஊருப்பக்கம் போனார். அங்கே ஐக் சிம்மர்மன் என்ற கிட்டார்க்காரர் இருந்தார். அவர் வீட்டிலேயே தங்கினார். இரவானால் இருவரும் ஊர் இடுகாட்டுக்குப் போய், கல்லறைகளின்மேல் உட்கார்ந்து பயிற்சி செய்வார்கள். பேய் பிசாசுக்காக இல்லை. அங்கேதான் யாருக்கும் தொந்தரவு இருக்காது, எவ்வளவு தவறாக வாசித்தாலும் யாரும் கிட்டாரைப் பிடுங்க மாட்டார்கள் என்பதற்காக. சிம்மர்மன் குடும்பத்தார் பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, இதில் நமக்கு ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு மாணவனுடன் இரவு இரவாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் ஒரு மனிதர். பெயரைத் தட்டிக்கொண்டு போனது சாத்தான். ஆசிரியரின் உழைப்பு வெளியே தெரியாமல் போவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

ராபர்ட் ஜான்சன் 1936இலும் 1937இலுமாக 29 பாட்டுகள் பதிந்தார். 1938 ஆகஸ்டில் இறந்துபோனார். வயது 27. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் கறுப்பின இசையின் வரலாற்றைக் காட்டும் ஒரு நிகழ்ச்சிக்கு ஜான் ஹாமண்ட் என்பவர் ஏற்பாடு செய்தார். ராபர்ட் ஜான்சனை அழைத்துவர முயன்றபோதுதான் அவர் இறந்த செய்தி தெரிந்தது. ஹாமண்ட் என்ன செய்தார் தெரியுமா? மேடையில் அவருடைய இசைத்தட்டுகள் இரண்டை ஒலிக்கச் செய்தார். அவ்வளவு பெரிய அரங்கம், பாட வேண்டியவர் இல்லாத மேடை, அதில் அவருடைய குரல் மட்டும்.

எனக்கு இந்தக் காட்சி அடிக்கடி நினைவுக்கு வருகிறது. இசைத்தட்டில் குரல் இருக்கிறது, கிட்டார் இருக்கிறது, ஒரு சுரம்கூடக் குறையவில்லை. ஆனால் எதிரே இருப்பவர் இருமினாலும் கைதட்டினாலும் அழுதாலும் அதற்குத் தெரியாது. நேற்றுப் பாடியதையே இன்றும் பாடும். நான் நின்று நடத்திய சில பாடவேளைகளும் அப்படித்தான் இருந்திருக்கின்றன. பாடக்குறிப்பில் ஒரு வரி விடவில்லை. ஆனால் நான் அங்கே இல்லை.

இப்போது சன் ஹவுஸிடம் திரும்புவோம். 1940களில் அவர் மிசிசிப்பியை விட்டு வடக்கே, நியூயார்க் மாநிலத்தின் ரோசஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தார். நண்பர் வில்லி பிரவுன் இறந்தார். கிட்டார் வாசிப்பதை அடியோடு விட்டுவிட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்கும் அவர் ஒரு பாடகர் என்று தெரியாது.

அதே காலத்தில் வடக்கத்திய நகரங்களின் வெள்ளை இன இளைஞர்கள் சிலர் பழைய ப்ளூஸ் இசைத்தட்டுகளைச் சேகரித்துக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். விற்காமல் போன அந்த 1930ஆம் ஆண்டுத் தட்டுகள் அவர்களுக்குப் புதையலாகத் தெரிந்தன. பாடியவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடிப் புறப்பட்டார்கள். 1964 ஜூன் மாதம் மூன்று இளைஞர்கள் மிசிசிப்பி முழுக்க விசாரித்து, கடைசியில் ரோசஸ்டரில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜூன் மாதத்தில்தான் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போன மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். பாட்டுக்காரரைத் தேடிப் போவதுகூட ஆபத்தாக இருந்த காலம் அது.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் அவரிடம் கிட்டார் இல்லை. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கை நடுங்கியது. எல்லாவற்றையும்விட, தன் பாட்டுகளை எப்படி வாசிப்பது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இங்கேதான் ஆலன் வில்சன் வருகிறார். வயது இருபத்தொன்று. பாஸ்டன் பக்கத்து ஊரில் வளர்ந்தவர். கல்லூரியில் இசை படித்து, பாதியில் விட்டவர். கண்பார்வை மிகவும் மோசம், தடித்த கண்ணாடி. அதனால் நண்பர் ஒருவர் வைத்த 'குருட்டு ஆந்தை' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் கலகலப்பாகப் பழகத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும். சன் ஹவுஸின் இசைத்தட்டுகளை ஒவ்வொரு தந்தி அசைவாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்து வைத்திருந்தார்.

சன் ஹவுஸை அழைத்துவந்த மூவரில் ஒருவரான டிக் வாட்டர்மன் அந்தக் காட்சியைப் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். முதியவரும் இளைஞரும் முழங்காலோடு முழங்கால் ஒட்டி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இருவர் மடியிலும் கிட்டார். 1930இல் பதிந்தபோது நீங்கள் இப்படி வாசித்தீர்கள் என்று வில்சன் வாசித்துக் காட்டுவார். 1942இல் அரசு நூலகத்துக்காகப் பதிந்தபோது இதே பாட்டை இப்படி மாற்றி வாசித்தீர்கள் என்று அதையும் காட்டுவார். சன் ஹவுஸின் விரல்கள் மெல்ல மெல்லத் தந்தியைத் தேடிக் கண்டுபிடிக்கும். ஆமாம், இது என் பாட்டுத்தான் என்று முகம் மலரும்.

சன் ஹவுஸுக்கு சன் ஹவுஸைப் போல வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் வில்சன்.

வில்சன் தன் பாணியை அவர்மேல் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். இசைக் கல்லூரியில் படித்தவர். இதைவிட எளிதான முறை ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. நீங்கள் செய்தது இது என்று மட்டும் காட்டினார். அதன்பின் சன் ஹவுஸ் மேடையேறினார். 1965 ஏப்ரலில் ஒரு பெரிய நிறுவனம் அவருடைய பாட்டுகளை முழு நீள இசைத்தட்டாகப் பதிந்தது. மேற்பார்த்தவர் அன்று கார்னகி மேடையில் இசைத்தட்டை ஒலிக்கச் செய்த அதே ஜான் ஹாமண்ட். ராபர்ட் ஜான்சனுக்குத் தாமதமாகிவிட்டது. அவருக்கு முன்மாதிரியாக இருந்தவருக்குத் தாமதமாகவில்லை. அந்தப் பதிவில் சில பாட்டுகளுக்கு வில்சன் பக்கவாத்தியம் வாசித்தார்.

1967இல் சன் ஹவுஸ் ஐரோப்பாவுக்கும் போய்ப் பாடினார். அவர் மேடையில் பாடிய படக்காட்சிகள் சில கிடைக்கின்றன. நேரம் கிடைத்தால் பாருங்கள். அமைதியாக நாற்காலியில் உட்கார்வார். ஒரு முதியவர், அவ்வளவுதான். கை தந்தியில் விழுந்ததும் கண் மேலே செருகும், தலை பின்னால் சாயும், வலது கை சாட்டை வீசுவதுபோல வந்து விழும். ஒன்றும் ஞாபகம் இல்லாமல் இருந்த மனிதர் இவர்தான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வில்சன் கலிஃபோர்னியாவுக்குப் போனார். அங்கே பாப் ஹைட் என்று ஓர் இசைத்தட்டுச் சேகரிப்பாளர். உருவத்தில் மலை போன்றவர். இருவரும் சேர்ந்து 1965இல் 'கேன்ட் ஹீட்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பழைய டெல்டா ப்ளூஸை மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்து மேடையில் வாசிக்கும் குழு. வில்சனின் காது எங்கெங்கோ போகும் காது. வீணை வாசிக்கவும் முயன்றிருக்கிறார்; அவர் வீணை வாசித்த பதிவு ஒன்று உண்டு. 1968இல் அந்தக் குழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 'ஆன் தி ரோடு அகெய்ன்' பாட்டில் பின்னணியில் ஒலிப்பது நம் தம்புராவின் சுருதி. அதே பாட்டுக்காக மவுத் ஆர்கனின் ஆறாம் துளைத் தகட்டை அரைச் சுரம் உயர்த்தி அமைத்துக்கொண்டார். கடையில் வாங்கிய கருவியில் அவர் காதில் கேட்ட சுரம் இல்லை. கருவியை மாற்றினார், காதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய இன்னொரு புகழ்பெற்ற பாட்டான 'கோயிங் அப் தி கன்ட்ரி', டெக்சாஸ் நாடோடிப் பாடகர் ஹென்றி தாமஸ் 1928இல் பதிந்த பாட்டின் மெட்டைக் கொண்டது. தாமஸ் நாணல் குழல்களில் ஊதியதைப் புல்லாங்குழலில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்கு வில்சன் பெயர்தான் இருந்தது. நன்றாகக் கேட்பதோடு கடமை முடிந்துவிடாது. யாரிடம் கேட்டோம் என்று சொல்வதும் அதில் சேர்த்தி. வகுப்பில் ஒரு மாணவி சொன்ன நல்ல விடையை அடுத்த வகுப்பில் நம் விடையாகச் சொல்லும் நமக்கும் இது பொருந்தும்.

1969 ஆகஸ்ட் 16. நியூயார்க் மாநிலத்தில் ஒரு பால்பண்ணை நிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழா. ஏறத்தாழ 4 லட்சம் பேர். மாலை சாயும் நேரத்தில் கேன்ட் ஹீட் மேடையேறுகிறது. அவர்களுடைய கிட்டார்க்காரர் சற்று முன்புதான் சண்டையிட்டு விலகியிருந்தார். அவர் இடத்தில் புதிதாக வந்தவருக்குக் குழுவோடு ஒத்திகை பார்க்கக்கூடப் போதிய நேரம் இருந்திருக்காது. அந்த நிலையில் பாட்டு நடக்கிறது. நடுவில் கூட்டத்திலிருந்து ஓர் இளைஞன் மேடையில் ஏறி நேராக ஹைட்டிடம் போய்விட்டான். ஹைட் பாட்டை நிறுத்தவில்லை. அவனைத் தள்ளவும் இல்லை. அவன் தோளை அணைத்துக்கொண்டார். அவன் அவருடைய சட்டைப்பையிலிருந்தே சிகரெட்டை எடுத்தான். அதற்கும் கோபிக்கவில்லை. பின்னால் தாளம் ஒரு சுற்றுத் தவறவில்லை. வகுப்பின் நடுவில் இடைஞ்சல் வந்தால் என்ன செய்வது என்று இந்த ஐந்து நாளில் ஒரு அமர்வு நடந்தது. அந்தப் படக்காட்சியை எனக்கு யாராவது முன்பே காட்டியிருந்தால் சில பிள்ளைகளை நான் வெளியே நிறுத்தியிருக்க மாட்டேன். சிகரெட் விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஆனால் வில்சனின் காதுக்கு உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. ஜான் லீ ஹூக்கர் என்ற பெரிய கலைஞர். மிசிசிப்பியில் பிறந்து, டெட்ராய்ட் நகரில் வேலை பார்த்து, 1948 முதல் இசைத்தட்டு பதிந்தவர். அவருடன் வாசிப்பதென்றால் பக்கவாத்தியக்காரர்களுக்கு நடுக்கம். காரணம், 12 சுற்று என்ற கணக்கை அவர் மதிப்பதில்லை. மனம் போனால் பதினொன்றில் திரும்புவார். இன்னொரு நாள் பதின்மூன்றரை. எண்ணிக்கொண்டு வாசிப்பவர் தடுக்கி விழுவார். அதனாலேயே ஆரம்பத்தில் அவரைத் தனியாக, காலால் பலகையைத் தட்டித் தாளம் போட வைத்துப் பதிந்தார்கள்.

1970 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் அவரும் கேன்ட் ஹீட்டும் சேர்ந்து பதிந்தார்கள். கலைக்கூடம்தான், ஆனால் நேரடியாக வாசித்தது. அந்த இசைத்தட்டு அமைந்த வரிசையைப் பாருங்கள். முதலில் ஹூக்கர் மட்டும் தனியாகப் பாடுகிறார். அடுத்த பகுதியில் வில்சன் மட்டும் சேர்கிறார், சில பாட்டுகளுக்கு மவுத் ஆர்கன், சிலவற்றுக்குப் பியானோ. கடைசியில்தான் முழுக் குழு. குழுவின் முதன்மைப் பாடகரான பாப் ஹைட் அதில் பாடவே இல்லை. பதிவை மேற்பார்த்ததோடு சரி. தனக்கும் குரல் இருக்கிறது, தன் பெயரிலும் தட்டு வருகிறது, ஆனாலும் இது பெரியவர் பேசும் இடம் என்று வாயை மூடிக்கொண்டார்.

வில்சன் தடுக்கி விழவில்லை. ஹூக்கர் எங்கே திரும்பினாலும் அவருடைய மவுத் ஆர்கன் கூடவே திரும்பியது. ஏனென்றால் அவர் எண்ணவில்லை, கேட்டார். ஹூக்கரின் மூச்சு எங்கே இழுபடுகிறது, கால் எங்கே தயங்குகிறது என்று கேட்டார். பதிவின் இடையிலேயே ஹூக்கர் வியந்து சொல்கிறார்: இந்தப் பையன் எப்படி என் கூடவே வருகிறானோ, வாழ்நாள் முழுவதும் என் தட்டுகளையே கேட்டிருப்பான் போல என்று. ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் இருக்க முடியுமா?

மெதுவாகப் படிக்கும் பிள்ளை என்று நாம் சொல்லும் பிள்ளைகள் பலர் பதின்மூன்றரையில் திரும்புகிறவர்கள். நாம் பன்னிரண்டில் திரும்பிவிட்டு, அவர்கள் தாளம் தப்பிவிட்டதாகக் குறித்துக்கொள்கிறோம்.

இனி சொல்லப் போவது வருத்தமானது. அந்தப் பதிவு நடந்து நான்கு மாதம் முடிவதற்குள், 1970 செப்டம்பர் 3ஆம் நாள், ஆலன் வில்சன் இறந்துபோனார். அளவுக்கு மீறிய தூக்க மாத்திரை. வயது 27. மனச்சோர்வோடு போராடிக்கொண்டிருந்தவர். மனிதர்களைவிட மரங்களோடு இருப்பது அவருக்கு இதமாக இருந்தது. பயணங்களில் வெட்டவெளியில் படுத்துத் தூங்குவார். வெட்டப்படும் செம்மரக் காடுகளைக் காப்பதற்காக எழுதினார், பணம் திரட்டினார்.

எல்லோரையும் அவ்வளவு நுட்பமாகக் கேட்ட ஒருவரை, அதே நுட்பத்தோடு யாராவது கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஓர் ஆசிரியராக என்னால் இதைக் கடந்து போக முடியவில்லை. நம் வகுப்பில் அமைதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கும் பிள்ளையை நாம் என்ன சொல்கிறோம்? 'அவனால ஒரு தொந்தரவும் இல்ல' என்கிறோம். வருகைப் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறோம்.

கடைசியாக என்னைப் பற்றி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் கருத்தாளராக ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஐந்தாம் வகுப்பு. பின்னங்கள். ஆசிரியை ஒரு கடலைமிட்டாய்க் கட்டியை ஒரு பிள்ளை கையில் கொடுத்தார். "உனக்குத்தான், முழுசும்." பிறகு இன்னொரு பிள்ளையை அழைத்தார். இருவருக்கும் பங்கு. மூன்றாவது பிள்ளை வந்ததும் முதல் இருவர் முகம் சுருங்கியது. ஐந்தாவது பிள்ளை எழுந்தபோது முன்னால் நின்ற நால்வரும் "ஐயோ, டீச்சர்!" என்று கத்தினார்கள். கீழே உள்ள எண் பெருகினால் பங்கு சுருங்கும் என்பதை அந்த வகுப்பில் யாரும் கரும்பலகையில் எழுதவில்லை.

வகுப்பு முடிந்ததும், "ரொம்ப நல்ல உத்தி டீச்சர். எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "சார், என்னைத் தெரியலையா? நீங்கதான் சார் செஞ்சீங்க. அஞ்சாம் வகுப்புல."

எனக்கு நினைவில்லை. ஒரு துளிகூட நினைவில்லை.

அவர் விடவில்லை. "எங்க அக்கா வகுப்புல மிட்டாயை நீங்களே உடைச்சுக் குடுப்பீங்களாம். எங்க வகுப்புக்கு வரும்போது எங்க கையில குடுத்து உடைக்கச் சொன்னீங்க. அதுதான் சார் நல்லாருந்துச்சு. நானும் அப்படித்தான் செய்யறேன்."

"ஆமாம்மா, ஞாபகம் இருக்கு" என்று பொய் சொன்னேன்.

பேருந்தில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. எந்த ஆண்டில் அதை விட்டேன்? யாரும் விடச் சொல்லவில்லை. பதிவேடுகள் கூடின, மிட்டாய் வாங்கிப் போகும் பழக்கம் நின்றது, விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் வேகமாக முடிந்தது. அவ்வளவுதான். சன் ஹவுஸும் ஒரே நாளில் தன் பாட்டை மறந்திருக்க மாட்டார். மறுவாரம் என் வகுப்புக்கு ஒரு கடலைமிட்டாய்க் கட்டி வாங்கிப் போனேன். உடைக்கத் தொடங்கியபோது கை தயங்கியது. பிறகு பழகிவிட்டது.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். வரும் திங்கட்கிழமை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டபின், மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். அந்த இடைவெளியில் ஏதாவது ஒரு தந்தி பேசும். இரண்டாவது, உங்கள் பழைய மாணவர் யாரையாவது கடைத்தெருவில் பார்த்தால், 'இப்ப என்ன பண்றே' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'என் வகுப்புல உனக்கு என்ன ஞாபகம் இருக்கு' என்றும் கேளுங்கள். நாம் மறந்துபோன நம் நல்ல பாட்டு ஒன்று அவரிடம் பத்திரமாக இருக்கக்கூடும். விடை கசப்பாக இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹூக்கரும் கேன்ட் ஹீட்டும் சேர்ந்து பதிந்த அந்த இசைத்தட்டு 1971இல் வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்த ஹூக்கரின் முதல் நீள் இசைத்தட்டு அதுதான். அதன் பெயரில் ஹூக்கர் முதலில், குழு பிறகு. உறையில் ஒரு புகைப்படம். ஓர் அறையில் ஹூக்கரும் குழுவினரும் இருக்கிறார்கள். வில்சன் அவர்களிடையே இல்லை. பின்னால் சுவரில், சட்டம் போட்ட படமாகத் தொங்குகிறார். தட்டைப் போட்டால் மவுத் ஆர்கன் ஒலிக்கிறது. பெரியவர் எங்கே திரும்புவார் என்று அது இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

 தேநீர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.